பங்க் பெட்ரோலில் குட்டி விமானம் பறக்குமா? 'பைலட்' ஆசையில் இருக்கும் தென்காசி மாணவர்கள் கவனத்துக்கு!

தென்காசி:-

குற்றாலத்தில் சீசன் களை கட்டி விட்டால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ரோட்டில் உள்ள பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது வழக்கம். பைக், கார், வேன் எது வந்தாலும் பங்க் ஊழியர் கேட்பது ஒரே கேள்வி தான். "பெட்ரோலா அண்ணாச்சி, டீசலா?" அதற்கு மேல் யாரும் யோசிப்பது இல்லை.

2 பேர், 4 பேர் உட்காரும் குட்டி விமானத்துக்கு விஷயம் அவ்வளவு லேசு இல்லை. தப்பான எண்ணெயை ஊற்றினால் பைக் மக்கர் பண்ணும், ஓரமாக தள்ளிக் கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடலாம். 3 ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் எங்கே தள்ளுவது?

"விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2022-ம் ஆண்டு இந்திய விமான நிலைய ஆணையம் விமான ஓட்டி பயிற்சி பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய 5 விமான நிலையங்களில் நம்ம சேலமும் ஒன்று. அதற்கு பிறகு, கோவில்பட்டி அருகே உள்ள ஓடுபாதையில் பைலட் பயிற்சி பள்ளி கொண்டு வர தமிழக அரசின் 'டிட்கோ' நிறுவனமும் முயற்சி எடுத்தது. தென்காசியில் இருந்து கோவில்பட்டி பஸ்சில் போய் வரும் தூரம் தான். பிளஸ்-2வில் இயற்பியல், கணிதம் படித்து விட்டு பைலட் ஆசையில் இருக்கும் மாணவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்கும், கடன் வாங்கி பணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் இந்த எரிபொருள் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

6 ஆயிரம் லிட்டர்

வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் விமானம் ஓட்டிய கணக்கு வேண்டும். பயிற்சி பள்ளிகளில் அதிகம் காணப்படும் 'செஸ்னா 172' விமானம் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 முதல் 35 லிட்டர் வரை எண்ணெய் குடிக்கும். 30 லிட்டர் என்றே வைத்துக் கொண்டாலும் 200 மணி நேரத்துக்கு 6 ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் தரும் பைக்கில் அதை ஊற்றினால் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓட்டலாம்! பயிற்சி கட்டணத்தில் எரிபொருள் எவ்வளவு பெரிய பங்கு என்பது இதிலேயே புரியும்.

அதனால் தான், "செலவு கம்மியா வர்ற மாதிரி பங்க் பெட்ரோலையே ஊத்தினா என்ன?" என்ற கேள்வி விமானம் ஓட்டுபவர்கள் மத்தியில் உலகம் முழுவதும் ரொம்ப காலமாக இருக்கிறது. சில எஞ்சின்களுக்கு ஊற்றலாம் என்பதே பதில். ஆனால் இந்தியாவில் அந்த பதிலிலும் இப்போது ஒரு சிக்கல் வந்து விட்டது. அதற்கு முன்னால் அடிப்படையை பார்த்து விடுவோம்.

நீலம் எது? நிறம் இல்லாதது எது?

விமான எரிபொருள் முக்கியமாக 2 வகை. ஒன்று 'ஏ.டி.எப்.' எனப்படும் டர்பைன் எரிபொருள். இது நன்றாக சுத்திகரித்த மண்ணெண்ணெய் தான். பெரிய ஜெட் விமானங்கள், தேர்தல் நேரத்தில் தலைவர்கள் வந்து இறங்கும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் இதில் தான் ஓடுகின்றன. தூத்துக்குடி வாகைக்குளத்தில் வந்து இறங்கிய ஏ.டி.ஆர். விமானத்தில் வெளியே பங்கா சுற்றுவதை பார்த்து 'இது பெட்ரோல் எஞ்சின்' என்று நினைத்தவர்கள் உண்டு. அதுவும் உள்ளே டர்பைன் தான், ஏ.டி.எப். தான்.

இன்னொன்று 'ஏவ்கேஸ்' எனப்படும் விமான பெட்ரோல். கார் எஞ்சின் போல பிஸ்டன், ஸ்பார்க் பிளக் வைத்து ஓடும் குட்டி விமானங்களுக்கு உரியது. இப்போது உலகம் முழுவதும் அதிகம் விற்பது '100 எல்.எல்.' என்ற ரகம். அடையாளத்துக்காக நீல சாயம் கலந்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கியவர்களுக்கு நீல நிறம் என்றாலே மண்ணெண்ணெய் ஞாபகம் தான் வரும். விமான நிலையத்தில் அது தலைகீழ். நீலமாக இருப்பது பெட்ரோல். தண்ணீர் மாதிரியோ, லேசான வைக்கோல் நிறத்திலோ இருப்பது மண்ணெண்ணெய் வகை.

மாறினால் என்ன ஆகும்?

பெட்ரோல் எஞ்சினுக்கு ஏ.டி.எப். ஊற்றி விட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனால் கூட பிழைத்தோம். ஆனால் ஸ்டார்ட் ஆகி விடும்! குழாயிலும் கார்புரேட்டரிலும் ஏற்கனவே மிச்சம் இருக்கும் நல்ல பெட்ரோலில் எஞ்சின் ஓடும், ஓடுபாதைக்கு போகும், மேலேயும் எழும்பி விடும். அதற்கு பிறகு தான் டேங்கில் ஊற்றியது எஞ்சினுக்குள் வரும். சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடித்து, சில நிமிடங்களில் எஞ்சின் படுத்து விடும். திரும்பி இறங்க உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது.

அமெரிக்காவில் புகழ் பெற்ற சாகச விமானி பாப் ஹூவருக்கு 1978-ல் இது நடந்தது. அவருடைய இரட்டை எஞ்சின் விமானத்தில் ஊழியர் ஒருவர் ஜெட் எரிபொருளை நிரப்பி விட்டார். கிளம்பிய சிறிது நேரத்தில் 2 எஞ்சின்களும் நின்று, பள்ளத்தாக்கு ஒன்றில் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 3 பேரும் உயிர் தப்பினர். அந்த ஊழியரை ஹூவர் திட்டவில்லை. "இனி என் விமானத்துக்கு இவரே எண்ணெய் போடட்டும். இவர் இனிமேல் இந்த தப்பை செய்யவே மாட்டார்" என்கிற மாதிரி சொன்னதாக இன்றும் விமானிகள் பேசிக் கொள்கிறார்கள்.

அதன் பிறகு தான் ஜெட் எரிபொருள் குழாயின் வாயை அகலமாக, வாத்து மூக்கு போல செய்து, பெட்ரோல் விமானத்தின் டேங்க் வாயை சிறிதாக்கும் பழக்கம் பரவியது. தப்பான குழாய் உள்ளேயே நுழையாது. அந்த குழாய்க்கு 'ஹூவர் நாசில்' என்றே பெயர். அப்படி இருந்தும் 2019 அக்டோபர் மாதம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கோகோமோ என்ற ஊரில் இதே தவறால் விமானம் விழுந்து விமானி இறந்து போனார்.

சந்தேகம் வந்தால் பழைய கால சோதனை ஒன்று உண்டு. வெள்ளை காகிதத்தில் ஒரு சொட்டு விடுங்கள். விமான பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகி காய்ந்து விடும். ஏ.டி.எப். கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும். பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி.

ஒரு சிலிண்டர் மட்டும் 1,475 சி.சி.

சரி, பெட்ரோல் எஞ்சின் என்றால் எந்த பெட்ரோலும் சரி தானே? இல்லை. இங்கே 'ஆக்டேன்' என்ற எண் வருகிறது. ஆக்டேன் அதிகம் என்றால் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாக வெடித்து விடாமல் தாக்குப்பிடிக்கும் திறன். அது குறைந்தால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். மேட்டில் தப்பான கியரில் பைக் ஏறும்போது கேட்கிறதே, அந்த சத்தம் தான்.

செஸ்னா 172-ன் புதிய மாடலில் உள்ள லைகமிங் எஞ்சின் சுமார் 5,900 சி.சி. சிலிண்டர் 4 தான். அதாவது ஒரு சிலிண்டர் சுமார் 1,475 சி.சி. நம்ம ஊர் 150 சி.சி. பைக் பத்து சேர்ந்தது ஒரு சிலிண்டர்! ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது, காற்று தான் குளிர வைக்க வேண்டும். கிளம்பும் போது முழு திராட்டில், பிறகும் மணிக்கணக்கில் முக்கால்வாசி சக்தியில் விடாமல் ஓடும். கார் எஞ்சின் இப்படி உழைப்பது இல்லை. தட்டல் வந்தாலும் பங்கா இரைச்சலில் விமானிக்கு கேட்காது. பிஸ்டன் ஓட்டை விழுந்த பிறகு தான் தெரியும். அதனால் தான் இந்த எஞ்சினுக்கு 100 ரக விமான பெட்ரோலை குறித்திருக்கிறார்கள்.

1940-ல் இங்கிலாந்தை ஜெர்மனி தாக்கிய போது, இங்கிலாந்தின் ஸ்பிட்பயர் விமானங்கள் 87 ஆக்டேனில் இருந்து 100 ஆக்டேனுக்கு மாறி இருந்தன. எஞ்சினை இன்னும் முறுக்கி ஓட்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது வரலாறு.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லி விட வேண்டும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 'எக்ஸ்பி 100' என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை கார், பைக்குகளுக்கு அறிமுகம் செய்தது. "இதுவும் 100, அதுவும் 100, ரெண்டும் ஒண்ணு தானே" என்று நினைக்க கூடாது. பங்க்கில் சொல்லும் எண்ணை அளக்கும் முறை வேறு; விமான பெட்ரோலை அளக்கும் முறை இன்னும் கடுமையானது. ஒரே எண் என்பதற்காக ஒன்று ஆகி விடாது.

ஈயம் என்ற வில்லன்

விமான பெட்ரோலுக்கு அந்த ஆக்டேன் எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பகுதி ஈயத்தில் இருந்து. 100 எல்.எல். பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பெயரில் உள்ள 'எல்.எல்.' என்பதற்கு 'குறைந்த ஈயம்' என்று பொருள். குறைவு என்பது பழைய விமான பெட்ரோலோடு ஒப்பிட்டு தான்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை பாதிக்கும் என்பதால் இந்தியா முழுவதும் 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் பங்க்குகளில் ஈயம் இல்லாத பெட்ரோல் மட்டுமே என்று ஆனது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. ஆனால் குட்டி விமானங்களுக்கு மட்டும் மாற்று இல்லாததால் ஈயம் தொடர்கிறது. அமெரிக்கா 2030-ம் ஆண்டு முடிவதற்குள் ஈய விமான பெட்ரோலை ஒழிக்க இலக்கு வைத்து, ஈயம் இல்லாத புது ரகங்களை சோதித்து வருகிறது.

நம் நாட்டில் இந்த 100 எல்.எல். பெட்ரோல் ரொம்ப காலம் வெளிநாட்டில் இருந்து தான் வந்தது. 2022 செப்டம்பர் 26-ந் தேதி இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத் மாநிலம் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த விமான பெட்ரோலை அறிமுகம் செய்தது. 2023 ஜனவரியில் பப்புவா நியூ கினியா நாட்டுக்கு ஏற்றுமதியும் செய்தது குறிப்பிடத்தக்கது. பயிற்சி பள்ளிகளுக்கு இது பெரிய நிம்மதி.

பங்க் பெட்ரோல் குடிக்கும் விமானங்கள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விமானத்துக்கு பங்க் பெட்ரோல் புதுசு இல்லை. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து மும்பைக்கு தபால் விமானம் ஓட்டி வந்த போது, ஆமதாபாத்தில் அவருக்கு பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டு வண்டியில்!

அமெரிக்காவில் 1982-ல் 'செஸ்னா 150' விமானத்துக்கு கார் பெட்ரோல் ஊற்ற முறைப்படி அனுமதி சான்று கிடைத்தது. குறைந்த ஆக்டேனுக்கு என்றே செய்த பழைய எஞ்சின் அது. ஆஸ்திரியா நாட்டின் 'ரோடாக்ஸ் 912' எஞ்சினோ பங்க் பெட்ரோலை நம்பியே உருவானது. உலகம் முழுக்க 2 பேர் உட்காரும் இலகு விமானங்களில் இது தான் அதிகம். என்.சி.சி. விமானப்படை பிரிவு மாணவர்கள் ஓட்டும் 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' மைக்ரோலைட் விமானத்திலும் இந்த எஞ்சின் தான். மணிக்கு 15 முதல் 18 லிட்டர் போதும்.

இந்த எஞ்சினுக்கு ஈயம் தான் ஆகாது. ஒரேயடியாக விமான பெட்ரோலையே ஊற்றி ஓட்டினால் பிளக்கிலும் ஆயிலிலும் ஈயம் படிந்து, 100 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய எஞ்சின் ஆயிலை 50 மணி நேரத்திலேயே மாற்ற வேண்டி வரும். விலை உயர்ந்தது எல்லாம் நல்லது என்று இல்லை. அந்த எஞ்சினுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது தான் கணக்கு.

வந்தது 'இ-20'

சிக்கல் இங்கே தான் தொடங்குகிறது. ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம் என்பது தயாரிப்பு நிறுவனத்தின் வரம்பு. செஸ்னா 150-க்கு தந்த அனுமதியில் எத்தனால் அறவே கூடாது. நம் நாட்டில் 2022-ல் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த 'இ-20' சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுவதும் வந்து விட்டது. "மைலேஜ் குறையுது, ரப்பர் போகுது" என்று வண்டிக்காரர்கள் அப்போது புலம்பியது எல்லோருக்கும் தெரியும். ஆக்டேன் என்னவோ முன்பை விட கூடி விட்டது. ஆனால் எத்தனால் அளவு ரோடாக்சின் வரம்பை தாண்டி விட்டது. எஞ்சின் தாங்கினாலும், பைபர் டேங்க், ரப்பர் குழாய், சீல் இவையும் தாங்க வேண்டுமே!

எத்தனாலின் குணத்தை குற்றாலத்துக்காரர்களுக்கு எளிதாக சொல்லலாம். சாரல் நேரத்தில் உப்பு டப்பாவை திறந்து வைத்தால் நசநசத்து போகும் இல்லையா? எத்தனாலும் அப்படித்தான், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். வெறும் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் டேங்க் அடியில் தனியாக நிற்கும், வடித்து விடலாம். எத்தனால் பெட்ரோலிலோ தண்ணீர் கரைந்து மறைந்து நிற்கும். தரையில் பார்த்தால் சுத்தமாக தெரியும். ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி வீதம் மேலே போக போக குளிரும். குளிர்ந்ததும் அதுவரை கரைந்திருந்த தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். எஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாய் இருப்பதும் அந்த அடியில் தான்.

இன்னொரு தொல்லை வெயில். பங்க் பெட்ரோல் விமான பெட்ரோலை விட சீக்கிரம் ஆவியாகும். சித்திரை வெயிலில் காய்ந்த எஞ்சினில் குழாய்க்குள்ளேயே ஆவி குமிழி கட்டி எண்ணெய் ஓட்டத்தை அடைத்து விடும். ஈரமான காற்றில் இதற்கு நேர் எதிரான ஆபத்து. பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில், வெளியே 20 டிகிரி இருந்தால் கூட கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். நம்ப முடியாது, ஆனால் பழைய மாடல் பயிற்சி விமானத்தில் அதை உருக்க தனி லிவரே வைத்திருக்கிறார்கள்.

எத்தனால் மீதே பழி போடவும் முடியாது. பிரேசில் நாட்டில் 'இபனேமா' என்ற மருந்து தெளிக்கும் விமானம் 2004-ல் அனுமதி பெற்று முழுக்க எத்தனாலிலேயே பறக்கிறது. அந்த எஞ்சினையும் டேங்கையும் அதற்கென்றே செய்தார்கள், அவ்வளவு தான்.

டீசல் எஞ்சின் வழி

இந்த தலைவலி எல்லாம் வேண்டாம் என்று சில பள்ளிகள் வேறு வழிக்கு போய் விட்டன. ஆஸ்திரியாவின் 'டைமண்ட்' நிறுவன விமானங்கள் சிலவற்றில் இருப்பது டீசல் வகை எஞ்சின். ஏ.டி.எப். ஊற்றினால் போதும். ஈயம் இல்லை, எத்தனால் இல்லை, எண்ணெயும் குறைவாக குடிக்கும். ரேபரேலி பக்கத்தில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி விமான பயிற்சி கழகத்தில் 'டி.ஏ. 42' என்ற இந்த ரக விமானம் உண்டு. ஏ.டி.எப். பெரிய விமான நிலையங்களில் எளிதாக கிடைக்கும்; விமான பெட்ரோல் அப்படி இல்லை. ஆனால் இந்த விமானத்தின் விலை அதிகம், எஞ்சின் பராமரிப்பும் அதிகம். எண்ணெயில் மிச்சம் பிடிப்பதை அங்கே விட வேண்டியது தான்.

ஆகவே பயிற்சி பள்ளியில் சேர போகிறவர்கள் கட்டணத்தை கேட்பதோடு, "என்ன விமானம், என்ன எஞ்சின், என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள், அது எங்கிருந்து வருகிறது?" என்று வாய் விட்டு கேட்க வேண்டும். விமான பெட்ரோல் தீர்ந்து போய் விமானம் சும்மா நின்றால் படிப்பு மாதக்கணக்கில் இழுக்கும், விடுதி வாடகை ஏறும். என்ன எண்ணெய் என்பது விமானத்தின் கையேட்டிலும், டேங்க் மூடி பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் தெளிவாக எழுதி இருக்கும். அதில் இல்லாததை மெக்கானிக் சொன்னாலும் சரி, இன்ஸ்ட்ரக்டர் சொன்னாலும் சரி, ஊற்ற கூடாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர் கையில் ஒரு சின்ன கண்ணாடி குவளை மாதிரி பொருளை கொடுப்பார்கள். பறப்பதற்கு முன்பு டேங்க் அடியில் உள்ள வால்வை அழுத்தி கொஞ்சம் எண்ணெயை அதில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விமான பெட்ரோல் என்றால் நீலமாக, தெளிவாக இருக்க வேண்டும். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். அது வராத வரைக்கும் வடிக்க வேண்டும். குவளை முழுக்க நிறமே இல்லாமல் இருந்தால் இன்னும் உஷார். அத்தனையும் தண்ணீராக இருக்கலாம், இல்லை ஏ.டி.எப்.பாக இருக்கலாம். பாதி காலியான டேங்கில் ராத்திரி குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து தண்ணீராக இறங்கும். அதனால் தான் பல இடங்களில் சாயங்காலம் கடைசி விமானம் இறங்கியதும், மறுநாள் மழையோ வெயிலோ, டேங்கை நிரப்பி வைத்து விட்டு தான் கொட்டகை கதவை சாத்துகிறார்கள்.